தண்டி கட்டிய கயிறு

மூன்று வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு புத்தக வெளியீட்டுக் கூட்டம். இடம் பிடித்தவன் நான்தான். வாடகை குறைவா, மின்விசிறி ஓடுமா, மைக் செட் உண்டா என்று பார்த்தேனே தவிர, மண்டபம் மாடியில் இருக்கிறது என்பது எனக்கு ஒரு சங்கதியாகவே படவில்லை. கூட்டம் தொடங்கும் நேரத்தில் தோழர் ஒருவர் மூன்று சக்கர வண்டியில் வந்து சேர்ந்தார். குழந்தையிலேயே போலியோ கண்டு இரண்டு காலும் சூம்பிப் போனவர். நம் கூட்டங்கள் எதையும் விடாதவர். படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். நானும் இன்னொருவரும் ஓடிப்போய், "வாங்க தோழர், தூக்கிட்டுப் போயிடுறோம்" என்று கைகோத்து நின்றோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பன் ஆண்டை வீட்டு நெல்லு மூட்டையத் தூக்குனதெல்லாம் போதும் தோழர். என்னையும் மூட்டையாக்காதீங்க. என்னைத் தூக்காதீங்க, கூட்டத்தை எறக்குங்க."

கூட்டம் இறங்கவில்லை. பேச்சாளர்கள் வந்துவிட்டார்கள், நாற்காலி போட்டாயிற்று, நேரமாகிவிட்டது. தோழர் கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு நான் பேசிய பேச்சு, நுழைவு மறுக்கப்பட்டவர்களின் இலக்கியம் பற்றியது. கைதட்டல்கூடக் கிடைத்தது.

அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததுதான் இந்தக் கட்டுரை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவனின் பேரனான நான், இன்னொருவரை எப்படி வாசலில் நிறுத்தினேன்? ஊனம் என்பது யாரோ சிலருக்கு நேர்ந்துவிட்ட துக்கம், அதற்கு நாம் தோள்கொடுக்க வேண்டும் என்கிற புத்தி எனக்குள் எப்படி ஊறியது? நான் படித்த தமிழையே கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். முக்கியமாக, காவிரிப் படுகையில் முளைத்த கதைகளை.

1

எம்.ஏ. வகுப்பில் பெரியபுராணம் பாடம். தண்டியடிகளின் பக்திச் சிறப்பை விளக்குக என்று கேள்வி வரும். நானும் பக்கம் பக்கமாக விளக்கியிருக்கிறேன். அந்தக் கதையில் ஒரு கயிறு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்டதில்லை.

தண்டி திருவாரூர்க்காரர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கோயிலுக்கு மேற்கே இருந்த குளம் தூர்ந்து சுருங்கிக் கிடந்தது. இன்று ஐந்து வேலி என்று பெருமை பேசப்படுகிற கமலாலயம்தான் அது. அதை வெட்டி அகலப்படுத்த வேண்டும் என்று தண்டி இறங்குகிறார். எப்படி? குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டுகிறார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குகிறார், மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளுகிறார், கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டுகிறார். சேக்கிழார் இதை ஒரு வேலைக்காரனின் நுணுக்கத்தோடு சொல்லியிருக்கிறார். 12-ஆம் நூற்றாண்டுத் தமிழில், பார்வையற்ற ஒருவர் தன் வேலைக்குத் தானே செய்துகொண்ட ஏற்பாட்டைப் பற்றிய பதிவு இது. இங்கே அற்புதமும் இல்லை, யாருடைய தயவும் இல்லை. இரண்டு கட்டை, ஒரு கயிறு.

பக்கத்தில் குடியிருந்த சமணர்கள் தடுக்கிறார்கள். மண்ணை வெட்டினால் சிற்றுயிர்கள் சாகும் என்கிறார்கள். வாக்குவாதம் முற்றுகிறது. கண்தான் இல்லை, காதும் போய்விட்டதா என்கிற தொனியில் அவர்கள் கேலி செய்கிறார்கள். தண்டி திருப்பித் திட்டுகிறார். மந்த புத்தியும் குருட்டு விழியும் கேளாத செவியும் உங்களுக்குத்தான் என்கிறார். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண் தெரியாத மனிதருக்கு எதிரியைத் திட்டக் கிடைத்த வசவும் குருடும் செவிடும்தான். ஆதிக்கத்தின் மொழி அடிபட்டவன் வாயிலும் குடியிருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிறகு அவர்கள் மண்வெட்டியைப் பிடுங்குகிறார்கள், நட்ட தறிகளையும் பிடுங்கி எறிகிறார்கள். இதைக் கவனிக்க வேண்டும். தண்டியின் வேலையை நிறுத்த அவர் கண்ணைத் தொட வேண்டியதில்லை, தறியைப் பிடுங்கினால் போதும் என்று எதிரிக்குத் தெரிந்திருக்கிறது. ஆக, அவரை முடக்கியது எது? குருடு அல்ல. தறி பிடுங்கப்பட்டதுதான்.

நியாயமாகப் பார்த்தால் கதை என்ன கேட்க வேண்டும்? தறியைத் திருப்பி நடு என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. சிவன் கனவில் வருகிறார், அரசன் முன்னிலையில் தண்டி குளத்தில் மூழ்கிக் கண்பெற்று எழுகிறார், சமணர்கள் கண் இழக்கிறார்கள். இழந்தவர்கள் குழியில் விழுகிறார்கள், ஊன்றக் கோல் இல்லையே என்று புலம்புகிறார்கள். அதைச் சேக்கிழார் வேடிக்கையாகப் பாடுகிறார். கயிற்றை அத்தனை அக்கறையோடு பாடிய அதே கவி! அரசன் சமணரை ஊரைவிட்டு விரட்டி, அவர்கள் பள்ளிகளையும் பாழிகளையும் இடித்துக் குளத்தை விரிவாக்குகிறான். பார்வை என்பது பரிசு, குருடு என்பது தண்டனை, தண்டிக்கப்பட்டவன் விரட்டப்பட வேண்டியவன். ஒரே கதையில் மூன்று பாடமும் முடிந்துவிட்டது. கண் வந்தபின் தண்டிக்குக் கயிறு தேவையில்லை. புராணத்துக்கும் அதன்பின் அது தேவைப்படவில்லை.

2

எங்கள் பெரியம்மாவுக்குக் கண் தெரியாது. ஐந்து வயதில் பெரியம்மை. உயிர் பிழைத்தது, கண் பிழைக்கவில்லை. "மாரியாத்தா கண்ணை எடுத்துக்கிட்டா" என்பார்கள். அம்மை குத்த வருகிறவர் ஊர்த் தெருவோடு திரும்பிவிடுவார், சேரிக்கு வரமாட்டார் என்பதையும் அதே வாயால் சொல்வார்கள். மாரியாத்தா பெயரைச் சொல்லுமளவுக்கு இரண்டாவதைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

பெரியம்மா நடவு நடுவாள். நம்பாதவர்கள் நடவு பார்த்திருக்கமாட்டார்கள். சேடை ஓட்டிய வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டே போகிற வேலை அது. நாற்று முடியைப் பிரித்து, விரல் மூன்றால் சேற்றில் ஊன்ற வேண்டும். பார்த்து நடுகிறவள் யாரும் இல்லை, எல்லோருக்கும் விரல்தான் கண். வயலுக்குப் போகும்போது வரப்பில் முன்னால் போகிறவள் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். வாய்க்காலைத் தாண்ட ஒற்றைத் தென்னை மரம் போட்டிருக்கும். அதில்தான் கஷ்டம். எங்கப்பா இரண்டு கரையிலும் முளைக்கம்பு அடித்து இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டினார், தன் அண்ணிக்காக. கட்டி ஒரு வாரத்தில் பார்த்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், இடுப்பில் குடம் வைத்த பொம்பளைகள், மாசமாயிருக்கிறவர்கள், தடியூன்றுகிற கிழங்கட்டைகள் எல்லோரும் அதைப் பிடித்துத்தான் போனார்கள். ராத்திரி குடித்துவிட்டு வருகிற ஆம்பிளைகளுக்கும் அதுதான் துணை. ஒரு குருட்டுப் பொம்பளைக்கென்று கட்டிய கயிறு தெருவுக்கே பாலமாயிற்று.

கூலியில்தான் வம்பு. எல்லோருக்கும் முழுக்கூலி, பெரியம்மாவுக்கு மட்டும் அரைக்கூலி. "கண்ணு தெரியாதவளுக்கு வேலை குடுக்கறதே புண்ணியம்" என்பார் காரியக்காரர். ஒரு குறுவை நடவில் பெண்கள் வரப்பேறிவிட்டார்கள். அம்மாதான் கேட்டாளாம்: "எங்கக்கா நட்ட நாத்து மட்டும் அரைக்கதிரா வாங்குது? அறுக்கும்போது அரையாத்தான் அறுப்பீங்களா?" பதில் இல்லை. அன்றிலிருந்து முழுக்கூலி. இரக்கத்தால் வந்ததல்ல அது. கதிரைக் காட்டி வாங்கியது.

அப்புறம் 2000-களில் செம்மை நெல் சாகுபடி வந்தது. ஒற்றை நாற்று, சதுர நடவு, 22.5 செ.மீ. இடைவெளி. இடைவெளி பிசகாமலிருக்க முடிச்சுப் போட்ட கயிற்றை வயலுக்குக் குறுக்கே பிடித்து, முடிச்சுக்கு ஒரு நாற்றாக நடச் சொன்னார்கள். பழகாத வேலை, கண்ணுள்ளவர்கள் எல்லாம் திணறினார்கள். பெரியம்மா கயிற்றைத் தடவி முடிச்சு முடிச்சாக நட்டுக்கொண்டே போனாள். "இந்தக் கயித்தை எனக்கு முப்பது வருசத்துக்கு முந்தி குடுத்திருந்தா" என்று சொன்னாள். அடுத்து நடவு மிஷின் வந்து கயிறும் போயிற்று, வரிசையும் போயிற்று, கூலியும் போயிற்று.

பெரியபுராணத்தைத் திரும்பப் படித்தபோது நான் நினைத்துக்கொண்டது பெரியம்மாவைத்தான். கனவில் யாராவது வந்து கண் தருகிறேன் என்றால் அவள் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள் என்று நான் வசனம் எழுத வரவில்லை. கேட்டிருப்பாள், யார்தான் கேட்கமாட்டார்கள்? ஆனால் கண் வரும்வரை காத்திரு என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் பட்டினி கிடந்து செத்திருப்பாள். அவளை வாழவைத்தது முந்தானை, கயிறு, அப்புறம் வரப்பேறி நின்ற பெண்கள்.

3

இனி நந்தன். கொள்ளிடக் கரை ஆதனூர்ப் புலையர். கோயில் முரசுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். நந்தனைப் பற்றி நாம் பேசாத பேச்சில்லை. அயோத்திதாசர் அவரைப் பௌத்த மன்னனாக வாசித்தார். 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனைகளில் ஒரு வேதியரைப் படைத்து, நந்தனை அவருடைய பண்ணையாளாக்கி, நாற்பது வேலி நிலத்தையும் கதைக்குள் கொண்டுவந்தார். தஞ்சைப் பண்ணையடிமைத்தனம் அந்தக் கீர்த்தனைக்குள் அப்படியே ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதெல்லாம் தெரிந்ததுதான். தண்டியின் பக்கத்தில் வைத்து நந்தனைப் படித்தால் வேறொன்று தெரிகிறது.

நந்தன் கதையில் இரண்டு கோயில்கள். முதலாவது திருப்புன்கூர், வைத்தீஸ்வரன்கோயில் பக்கம். வாசலுக்கு வெளியே நின்ற நந்தனுக்கு நந்தி மறைக்கிறது. சிவன் நந்தியை விலகச் சொல்கிறார். இன்றைக்குப் போனாலும் அந்த நந்தி விலகித்தான் கிடக்கிறது. அந்த ஊரில் நந்தனும் ஒரு குளம் வெட்டினார் என்கிறார் சேக்கிழார். தண்டியைப் போலவே மண்ணோடு மல்லுக்கட்டிய ஆள். இரண்டாவது கோயில் சிதம்பரம். அங்கே எந்தக் கல்லும் விலகவில்லை. நந்தன்தான் மாறவேண்டியிருந்தது. தெற்கு வாசலில் தீ மூட்டினார்கள், புலையர் உடம்பு உள்ளே போயிற்று, பூணூல் மார்பும் சடைமுடியுமாக முனிவர் உடம்பு வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் அனுமதி.

திருப்புன்கூரில் தடை நகர்ந்தது, ஆள் அப்படியே இருந்தார். சிதம்பரத்தில் தடை அப்படியே இருந்தது, ஆள் எரிந்தார். தண்டியின் குளத்திலும் இதே இரண்டு வழிதான். கயிறு கட்டுவது ஒரு வழி, கண் வரவைப்பது இன்னொரு வழி. உடம்பை மாற்றிக்கொண்டு வா என்பது சாதிக்கும் ஊனத்துக்கும் நம் பக்தி மரபு சொன்ன ஒரே தீர்ப்பு. தீயும் குளமும் வேறுவேறு அல்ல.

அதற்காகத் திருப்புன்கூரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் முடியாது. நந்தி விலகியது சரி, நந்தன் உள்ளே போனாரா? இல்லை. வெளியே நின்று எட்டிப் பார்க்கத்தான் விலகியது. இன்றைக்கு வாசலில் ஒரு சாய்தளம் போட்டு, உள்ளே போனால் அங்கிருந்து மாடிக்குப் படி மட்டும் வைத்திருக்கிற கட்டிடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நந்தி ஞாபகம் வருகிறது. உள்ளடக்குதல் என்று இப்போது எல்லோரும் பேசுகிறோம். யார் யாரை, யாருடைய வீட்டுக்குள் அடக்குவது என்கிற கேள்வியைக் கேட்காவிட்டால் அது விலகிய நந்தியோடு நின்றுபோகும்.

இது சைவத்தின் வியாதி மட்டும் அல்ல. படுகைக்கு வெளியே, தமிழில் நொண்டி நாடகம் என்றே ஒரு வகை உண்டு. திருடப்போய்ப் பிடிபட்டுக் கைகால் வெட்டுப்பட்டவன் மேடையேறித் தன் கதையைச் சொல்லுவான். கடைசியில் திருச்செந்தூரில் முருகன் அருளால் கால் முளைக்கும், சீதக்காதி நொண்டி நாடகத்தில் மக்காவில் முளைக்கும். தெய்வம்தான் மாறுகிறது, முடிவு மாறவில்லை. மாறுகால் மாறுகை வாங்கிய அரசனை எந்த நாடகமும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அந்த நாடகங்களிலிருந்து நமக்கு ஒரு சொத்து மிஞ்சியிருக்கிறது. நொண்டிச் சிந்து. விந்திவிந்தி நடக்கிற நடையையே தாளமாக்கிய பாட்டு. பாரதி பாஞ்சாலி சபதத்தில் அதைத்தான் எடுத்தாண்டார். நொண்டி நடை தமிழின் காதுக்கு அழகாகப்பட்டிருக்கிறது, ஆனால் நொண்டுகிற ஆளுக்கு மட்டும் கால் முளைத்தே ஆகவேண்டும்!

4

பழசை விடுங்கள், நவீன இலக்கியம் என்ன செய்தது? அதற்கும் தஞ்சையிலேயே சாட்சி இருக்கிறது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, செங்கொடி பிடித்த குற்றத்துக்காக, 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். நந்தனுக்கு மூட்டிய தீ அணையவில்லை என்று நாம் எழுதுகிறோமே, அது உவமை அல்ல.

இந்தப் படுகொலையை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975-ல் எழுதிய நாவல் குருதிப்புனல். 1977-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதில் வருகிற நிலப்பிரபு கண்ணையா நாயுடு ஆண்மையற்றவன். அவன் வன்மத்துக்கு வேர் அந்த உடற்குறையில் இருப்பதாக நாவல் போகிறது. வர்க்கப் போராட்டத்தை உளவியல் கோளாறாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் அன்றே கண்டித்தார்கள். சரியான கண்டனம். ஆனால் நான் படித்த கண்டனங்கள் எதிலும் இன்னொரு பக்கம் பேசப்படவில்லை. அப்படி ஒரு உடம்போடு இந்த ஊரில் எத்தனையோ ஆண்கள் யாரையும் எரிக்காமல் வாழ்ந்து செத்திருக்கிறார்களே, அவர்கள் மேல் இந்த நாவல் போட்ட பழி என்ன கணக்கு? வெண்மணியை எரித்தவர்கள் கை கால் கண் எல்லாம் சரியாக இருந்தவர்கள். நிலம் இருந்தது, சங்கம் இருந்தது, சாதி இருந்தது, அடியாள் இருந்தது. எதுவும் குறையாமல் இருந்ததால்தான் எரிக்க முடிந்தது. கொடுமையை விளக்க ஒரு உடற்குறையைத் தேடுவது, தலித் பிணங்களையும் ஊனமுற்றோரையும் ஒரே வரியில் அவமதிப்பது.

நமக்கு மட்டும் யோக்கியதை உண்டா? நம் கவிதைகளைப் புரட்டுங்கள். சட்டத்துக்குக் கண் குருடு, சர்க்காருக்குக் காது செவிடு, நீதி நொண்டுகிறது, சாதி ஒரு மனநோய், சாதி ஒரு தொழுநோய். நானே எழுதியிருக்கிறேன். தொழுநோய்க்கு 1981-லேயே உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து பரிந்துரைத்துவிட்டது. அது குணமாகிற நோய். தொழுநோயாளி எந்தக் குடிசைக்கும் தீ வைத்ததில்லை, எந்தக் கிணற்றிலும் மலம் கலந்ததில்லை. ஒதுக்கி வைக்கப்பட்டவரின் பெயரை, ஒதுக்கி வைத்தவனுக்கு வசவாகச் சூட்டுகிறோம். தண்டி செய்த அதே வேலை. சாதியைத் திட்டச் சாதி என்கிற சொல்லே போதும், அதைவிடக் கேவலமான சொல் தமிழில் இல்லை.

அம்பேத்கர் 1920 ஜனவரி 31-ல் தொடங்கிய பத்திரிகையின் பெயர் மூக்நாயக். ஊமைகளின் தலைவன் என்று பொருள். அதுவும் உடற்குறையை உவமையாக்கியதுதானே என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நான் இப்படித்தான் வாசிக்கிறேன்: அந்தப் பெயர் ஊமையைக் கேலி செய்யவில்லை, ஊமையோடு நின்று பேசுகிறது. பேச்சில்லாதவர் என்று யாரும் இல்லை, கேட்பாரில்லாதவர்தான் உண்டு. காது கேளாதவர்கள் கையால் பேசுகிற பேச்சைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தப் பேச்சைக் கற்றுக்கொள்ளாதது நம் குறை.

5

பெயர் சூட்டுகிற அரசியல் நமக்குப் புதிதல்ல. தீண்டாதவரை ஹரிஜன் என்றார் காந்தி. கடவுளின் பிள்ளை என்று கௌரவப் பட்டம் கொடுத்துவிட்டு, சேரியைச் சேரியாகவே விட்டார்கள். 2015 டிசம்பரில் பிரதமர் மோடி வானொலிப் பேச்சில் ஊனமுற்றோரை திவ்யாங் என்று அழைக்கலாம் என்றார். தெய்வ அங்கம். அதே கதை, அதே கடவுள், அதே கைகழுவல். 2010-ல் தமிழக அரசு மாற்றுத்திறனாளி என்ற சொல்லைக் கொண்டுவந்தது. நொண்டி, குருடு என்று கூப்பிட்ட வாய்களுக்கு அது ஒரு கடிவாளம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் திறமையைக் காட்டினால்தான் மரியாதை என்ற நிபந்தனை அந்தச் சொல்லுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. எந்தத் திறமையும் இல்லாத நடமாடும் உடம்புக்காரர்கள் எத்தனை பேரை நாம் மனுசனாக மதிக்கிறோம்? ஊனமுற்றவர் மட்டும் ஏன் வித்தை காட்ட வேண்டும்?

நாம் தலித் என்ற சொல்லை எடுத்தோம். நொறுக்கப்பட்டவர் என்று அர்த்தம். அதை ஒளிக்கவில்லை, மினுக்கவும் இல்லை. நொறுங்கியது எங்கள் வெட்கம் அல்ல, நொறுக்கியவன் வெட்கம் என்றோம். ஊனம் பற்றிய அரசியலுக்கு நம்மிடமிருந்து போகக்கூடிய நல்ல கொடை இந்த ஒரு புரிதல்தான்.

நம் உடம்புகள் எப்படி நொறுங்கின என்பதையும் பேச வேண்டும். சாணிப்பாலும் சவுக்கடியும் தஞ்சைப் பண்ணைகளின் அன்றாடம். சேற்றுப்புண்ணில் விரல் போனவர்கள், பாம்புக்கடியில் கால் போனவர்கள், கதிரடிக்கும் மிஷினில் கை போனவர்கள், நட்டு நட்டே கூன் விழுந்த கிழவிகள். எங்கள் தெருவில் அறுபது தாண்டிய பெண்களில் நிமிர்ந்து நடந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேர் ஊனமுற்றோர். பட்டியல் சாதியினரிடையே 2.45 சதவீதம், பழங்குடியினரிடையே 2.05, மற்றவர்களிடையே 2.18. இந்த வித்தியாசம் தலைவிதி அல்ல. சோறு, தண்ணீர், ஆஸ்பத்திரி, வேலை எல்லாம் சாதிப்படி பங்கிடப்பட்டதன் கணக்கு. 2016-ஆம் ஆண்டு சட்டம் 21 வகை ஊனங்களை அங்கீகரிக்கிறது, ஒதுக்கீட்டுக்கு 40 சதவீத ஊனம் வேண்டும். நடவு வளைத்த முதுகு எத்தனை சதவீதம்?

கயிறு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கட்டிப்போடுகிற கயிறும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். வெண்மணியில் கதவை அடைத்தார்கள், ஏர்வாடியில் காலைக் கட்டியிருந்தார்கள். ஒன்று பகை, மற்றது பாதுகாப்பு என்ற பெயர். எரிந்தவர்களுக்கு என்ன வித்தியாசம்?

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்ன பாட்டு புறநானூற்றில் 28-ஆவது. குருடு, செவிடு, ஊமை, கூன், குள்ளம் என்று எட்டு வகைப் பிறப்புகளை எச்சம் என்று அடுக்கி, இவற்றால் பயன் இல்லை என்று அறிந்தோர் சொன்னதாகச் சொல்கிறது. அதே தமிழின் இலக்கணத்தில் எச்சத்துக்கு வேறு மரியாதை. வந்த, போய், நட்டு, எழுந்து என்று தனியே நின்றால் முடியாது, இன்னொரு சொல் வந்து சேர வேண்டும். அதைக் குறை என்று எந்த இலக்கணக்காரரும் சொல்லவில்லை. எச்சம் இல்லாமல் தமிழில் நாலு வாக்கியம் கோத்துப் பேச முடியாது. மனுசனும் அப்படித்தான். தவழ்ந்து தொடங்கித் தடியூன்றி முடிகிறவன், நடுவில் கொஞ்சகாலம் கைவீசி நடந்துவிட்டு அதுதான் முழு உடம்பு என்று நினைத்துக்கொள்கிறான். ஊனம் நமக்கு வெளியே எங்கோ இருக்கிற துக்கம் அல்ல. பிறந்த வீட்டிலும் இருக்கிறது, போய்ச் சேருகிற வீட்டிலும் இருக்கிறது.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டத்திருத்தங்கள் நிறைவேற்றியது. நல்ல காரியம். அந்த நாற்காலிகளில் சேரியிலிருந்து எத்தனை பேர் உட்காரப்போகிறார்கள் என்று நாம் கேட்க வேண்டும். ஊனமுற்றோர் இயக்கங்கள் சாதியைக் கேட்க வேண்டும், தலித் இயக்கங்கள் படிக்கட்டைக் கேட்க வேண்டும். பார்வையற்றவர்கள் கேட்டுப் படிக்க நம் இதழ்கள் எத்தனை ஒலியாக வருகின்றன? காது கேளாத ஒரு தலித் பெண்ணின் சாட்சியத்தை நாம் இதுவரை எங்கே பதிவு செய்திருக்கிறோம்? இந்தக் கேள்விகளை முதலில் எனக்கே கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு இடம் பார்த்துவிட்டேன். தரைத்தளம். தோழரிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். "வாசப்படி எத்தனை தோழர்?" என்றார். தெரியவில்லை. மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எண்ணிவிட்டு வந்தேன். இரண்டு. ஒரு பலகைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.